விற்றுத் தீர்ந்ததா? வந்ததே அவ்வளவுதானா?

போன மாதம் என் அக்கா மகன் போன் செய்தான். அவன் கம்ப்யூட்டர் வாங்கி, வீட்டுக்கு இன்டர்நெட் இணைப்பும் எடுத்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

"மாமா, ஒரு புது ஸ்மார்ட்போன் வந்திருக்கு. முதல் விற்பனையில சில நிமிஷத்திலேயே எல்லாம் தீர்ந்துபோச்சாம். அடுத்த விற்பனை செவ்வாய்க்கிழமை மதியம். அதுலயும் கிடைக்கலேன்னா, ரெண்டாயிரம் ரூபா கூடக் குடுத்தா உடனே வாங்கித் தரேன்னு ஒருத்தர் சொல்றார். குடுத்துடவா?" என்று கேட்டான்.

"உன் பழைய போனுக்கு என்ன ஆச்சு?" என்றேன்.

"அது நல்லாத்தான் இருக்கு. ஆனா இத்தனை பேர் அடிச்சுப் பிடிச்சு வாங்கறாங்கன்னா, அது நல்ல போனாத்தானே மாமா இருக்கும்?"

"எத்தனை பேர் வாங்கினாங்க?"

கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. விளம்பரத்தை மறுபடி படித்துப் பார்த்திருக்கிறான். "எத்தனைன்னு போடலியே மாமா" என்றான்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, ஆன்லைனில் பொருள் வாங்கத் தொடங்கியிருக்கும் பலரும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். "விற்றுத் தீர்ந்தது", "முதல் மூன்று நாளில் இத்தனை லட்சம்", "நொடிகளில் காலி" என்று வரும் செய்திகளை எப்படிப் படிக்க வேண்டும் என்று அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். இதற்குக் கணக்கில் கூட்டல், கழித்தல் தெரிந்தால் போதும்.

இரண்டு வடைக் கடைகள்

ஒரு தெருவில் இரண்டு டீக்கடைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் கடைக்காரர் காலையில் 20 வடை மட்டும் போடுகிறார். பத்தே நிமிடத்தில் எல்லாம் காலி. இரண்டாவது கடைக்காரர் 300 வடை போடுகிறார். பதினோரு மணிக்குள் 280 விற்றுவிடுகிறது. தட்டில் 20 வடை மிச்சம் இருக்கிறது.

பதினோரு மணிக்கு அந்தத் தெருவுக்கு வரும் புதியவர் என்ன நினைப்பார்? ஒரு கடையில் வடை தீர்ந்துவிட்டது, இன்னொரு கடையில் மிச்சம் கிடக்கிறது, ஆகவே முதல் கடை வடைதான் பிரமாதம் என்று நினைப்பார். உண்மையில் 280 பேர் வாங்கியது இரண்டாவது கடையில்.

இன்னொன்றும் கவனியுங்கள். முதல் கடைக்கு அன்று 25 பேர் வந்திருந்தாலும் வடை தீர்ந்திருக்கும். 400 பேர் வந்திருந்தாலும் தீர்ந்திருக்கும். இரண்டுக்கும் வாசலில் ஒரே போர்டுதான். ஆக, "தீர்ந்தது" என்ற செய்தியில் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: குறைந்தது 20 பேருக்கு வடை தேவைப்பட்டது. அதற்கு மேல் எத்தனை பேர் என்பது அந்தச் செய்தியில் இல்லை.

ஸ்மார்ட்போன் விற்பனைக்கும் இதே கணக்குதான். இப்போது நிஜமான உதாரணங்களுக்கு வருவோம்.

4.2 நொடியில் 40,000

சீனாவின் ஷியோமி நிறுவனம் 2014 ஜூலையில் இந்தியாவில் விற்பனையைத் தொடங்கியது. கடைகளில் போன் கிடைக்காது. பிளிப்கார்ட் இணையதளத்தில் மட்டும் கிடைக்கும். முன்கூட்டியே பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமை மதியம் 2 மணிக்குக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பட்டனை அழுத்த வேண்டும். இதற்கு 'பிளாஷ் சேல்' என்று பெயர்.

2014 செப்டம்பர் 2ஆம் தேதி ரெட்மி 1எஸ் என்ற போன் 5,999 ரூபாய்க்கு இப்படி விற்பனைக்கு வந்தது. 40,000 போன்கள் 4.2 நொடியில் விற்றுத் தீர்ந்ததாக அறிவித்தார்கள். மறுநாள் எல்லோரும் பேசியது அந்த 4.2 நொடியைப் பற்றித்தான்.

அந்த எண்ணை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4.2 நொடியில் 40,000 என்றால், நொடிக்கு சுமார் 9,500. இதே வேகத்தில் ஒரு மணி நேரம் விற்றிருந்தால் 3 கோடியே 40 லட்சம் போன்கள் விற்றிருக்க வேண்டும்! அப்படி நடக்காது என்று நமக்கே தெரியும். பிறகு அந்த வேகத்துக்கு என்ன அர்த்தம்?

பதிவு செய்த எல்லோரும் சரியாக 2 மணிக்கு ஒரே நேரத்தில் பட்டனை அழுத்துகிறார்கள். அவர்களில் 40,000 பேருக்குப் போனை ஒதுக்க அந்த இணையதளத்தின் சர்வர் எடுத்துக்கொண்ட நேரம்தான் 4.2 நொடி. வாசல் கதவைத் திறப்பதற்கு முன்பே எல்லோரையும் வரிசையில் நிறுத்திவிட்டால், கதவைத் திறந்ததும் வேகமாகத்தான் உள்ளே போவார்கள். இதே 40,000 போனை முன்பதிவு இல்லாமல், நாள் முழுக்க எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம் என்று வைத்திருந்தால், அதே 40,000 பேர் ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ வாங்கியிருப்பார்கள். விற்ற எண்ணிக்கை மாறியிருக்காது. செய்தி மட்டும் மாறியிருக்கும்.

இனி 40,000 என்ற எண்ணைப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்தியாவில் 640 மாவட்டங்கள் இருந்தன. 40,000 போனை அவற்றுக்குப் பங்கிட்டால் மாவட்டத்துக்கு 62 அல்லது 63 போன் வரும். ஒரு மாவட்டத் தலைநகரின் பெரிய செல்போன் கடை ஒன்றே அவற்றை வைத்துக்கொள்ள முடியும்.

அந்தப் போன் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த விலைக்கு அது நல்ல போன்தான். ஷியோமியின் வளர்ச்சியும் பொய்யல்ல. 2017ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் இந்திய ஸ்மார்ட்போன் சந்தையில் அந்த நிறுவனம் முதலிடம் பிடித்ததாகப் பல ஆய்வு நிறுவனங்கள் கணக்குச் சொல்லின. ஆனால் அது மூன்று ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து விற்று, கடைகளுக்கும் வந்த பிறகு கிடைத்த இடம். அந்த வெற்றியைக் காட்டுவது அந்த நீண்ட காலக் கணக்குதான், 4.2 நொடி அல்ல.

ஒரே விற்பனைக்கு இரண்டு கணக்கு

எத்தனை போன் என்று எண்ணிக்கை சொல்லிவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடுமா? அதுவும் இல்லை. முதல் ஐபோனின் கதையைக் கேளுங்கள்.

ஆப்பிள் நிறுவனத்தின் முதல் ஐபோன் அமெரிக்காவில் 2007 ஜூன் 29 வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு விற்பனைக்கு வந்தது. ஏடி அண்ட் டி என்ற ஒரே ஒரு தொலைபேசி நிறுவனத்தின் இணைப்பில்தான் அது வேலை செய்யும். முதல் வார இறுதியில் 5 லட்சம் போன் விற்றிருக்கும் என்றும், அதற்கும் மேல் என்றும் பங்குச்சந்தை ஆய்வாளர்கள் மதிப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜூலை 24ஆம் தேதி ஏடி அண்ட் டி தன் கணக்கை வெளியிட்டது. முதல் இரண்டு நாளில் 1,46,000 ஐபோன்கள் இணைப்புப் பெற்றதாகச் சொன்னது. "இவ்வளவுதானா?" என்று பங்குச்சந்தை பயந்தது. அன்று ஒரே நாளில் ஆப்பிள் பங்கின் விலை சுமார் 6 சதவீதம் இறங்கியது.

மறுநாள் ஆப்பிள் தன் கணக்கைச் சொன்னது. முதல் 30 மணி நேரத்தில் விற்றது 2,70,000.

இரண்டு நிறுவனமும் சொன்னது அதே போன், அதே நாட்கள். வித்தியாசம் மட்டும் 1,24,000. யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் விற்ற போனை எண்ணினார். இன்னொருவர் இணைப்புப் பெற்ற போனை எண்ணினார்.

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதன் காரணம் எளிதில் புரியும். அந்த ஐபோனைக் கடையில் இணைப்புக் கொடுத்துத் தரமாட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய், கம்ப்யூட்டரில் ஐட்யூன்ஸ் என்ற புரோகிராமை நிறுவி, ஒயர் மூலம் போனை இணைத்து, நாமே இணைப்பை இயக்கிக்கொள்ள வேண்டும். இதைத்தான் 'ஆக்டிவேஷன்' என்றார்கள். சனிக்கிழமை இரவு வாங்கியவர் ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்திருந்தால், முதல் இரண்டு நாள் ஆக்டிவேஷன் கணக்கில் அவர் வரமாட்டார். கூடுதல் விலைக்கு விற்பதற்காக வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தவரும் வரமாட்டார்.

அது சரி, ஆப்பிள் ஏன் மூன்று நாள், ஒரு வாரம் என்று சொல்லாமல் 30 மணி நேரம் என்று சொன்னது? நிறுவனத்தின் மூன்று மாதக் கணக்கு ஜூன் 30 நள்ளிரவோடு முடிந்தது. வெள்ளி மாலை 6 மணியிலிருந்து சனி நள்ளிரவு வரை சரியாக 30 மணி நேரம். சந்தையின் விருப்பத்துக்கும் அந்த 30 மணி நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது கணக்குப் புத்தகத்தின் எல்லை.

'விற்பனை' என்ற சொல்லுக்கு எத்தனை பொருள்?

செய்திகளில் எல்லாவற்றையும் "விற்பனை" என்றே எழுதிவிடுகிறார்கள். உண்மையில் கீழே உள்ள ஐந்தும் வேறு வேறு.

1. பதிவு: பெயர், ஈ-மெயில் கொடுத்து "எனக்கும் வேண்டும்" என்று சொல்வது. காசு செலவில்லை. ஒருவரே நான்கு ஈ-மெயில் முகவரியில் பதிவு செய்யலாம்.

2. முன்பதிவு ஆர்டர்: பணம் கட்டியோ, கார்டு விவரம் கொடுத்தோ ஆர்டர் செய்வது. போன் இன்னும் கைக்கு வரவில்லை. ரத்து செய்யவும் முடியும்.

3. கடைக்கு அனுப்பியது: நிறுவனம் மொத்த வியாபாரிகளுக்கும் கடைகளுக்கும் தொலைபேசி நிறுவனங்களுக்கும் அனுப்பிய எண்ணிக்கை. நிறுவனத்தைப் பொறுத்தவரை சரக்கு விற்றாகிவிட்டது. ஆனால் அது இன்னும் கடை அலமாரியில் இருக்கலாம்.

4. வாடிக்கையாளர் கைக்குப் போனது: நாம் பொதுவாக விற்பனை என்று நினைப்பது இதைத்தான்.

5. ஆக்டிவேஷன்: வாங்கியவர் உண்மையில் பயன்படுத்தத் தொடங்கியது.

மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் உள்ள இடைவெளிதான் அதிகக் குழப்பம் தருவது. சாம்சங் நிறுவனம் 2010 கடைசியில் கேலக்ஸி டேப் என்ற டேப்லட்டை வெளியிட்டு, 20 லட்சம் விற்றதாக அறிவித்தது. 2011 ஜனவரியில் கணக்கு விளக்கக் கூட்டத்தில் கேள்வி கேட்டபோது, அது கடைகளுக்கும் தொலைபேசி நிறுவனங்களுக்கும் அனுப்பிய எண்ணிக்கை என்று தெரிந்தது. மக்கள் கைக்குப் போனது எப்படி என்று கேட்டதற்கு அதிகாரி ஆங்கிலத்தில் 'ஸ்மூத்', அதாவது தடையில்லாமல் போகிறது என்றார். அது 'ஸ்மால்', அதாவது குறைவு என்று காதில் விழுந்து, அப்படியே உலகம் முழுக்கச் செய்தியாகப் பரவியது. பிறகு ஒலிப்பதிவைக் கேட்டுத் திருத்தினார்கள். அந்த ஒரு சொல்லை எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டதற்குக் காரணம், 20 லட்சம் என்ற எண் மட்டும் தெரிந்து எதுவும் தெரியவில்லை என்பதுதான்.

மைக்ரோசாப்ட்டும் இப்படித்தான். 2010இல் விண்டோஸ் போன் 7 வெளிவந்து ஆறு வாரத்தில் 15 லட்சம் என்று சொன்னது, போன் தயாரிப்பாளர்கள் கடைகளுக்கும் தொலைபேசி நிறுவனங்களுக்கும் கொடுத்த கணக்கு. அறிவிப்பிலேயே அதைச் சொல்லியிருந்தார்கள். நாம்தான் பெரிய எழுத்தில் இருப்பதை மட்டும் படித்துவிட்டுப் போய்விடுகிறோம்.

எட்டு ஆண்டுக் கணக்கு

புதுப் போனின் முதல் மூன்று நாள் விற்பனையை அதிகம் பேச வைத்தது ஆப்பிள்தான். ஒவ்வோர் ஆண்டும் புது ஐபோன் வந்த சில நாட்களில் ஓர் எண்ணை அறிவிப்பார்கள். அவற்றை வரிசையாகத் தருகிறேன். நாடுகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் படியுங்கள். (ஹாங்காங் போன்ற பகுதிகளையும் ஆப்பிள் தனியாகவே எண்ணும்.)

2008 - ஐபோன் 3ஜி - 21 நாடுகள் - 10 லட்சம்
2009 - ஐபோன் 3ஜிஎஸ் - 8 நாடுகள் - 10 லட்சத்துக்கு மேல்
2010 - ஐபோன் 4 - 5 நாடுகள் - 17 லட்சம்
2011 - ஐபோன் 4எஸ் - 7 நாடுகள் - 40 லட்சத்துக்கு மேல்
2012 - ஐபோன் 5 - 9 நாடுகள் - 50 லட்சத்துக்கு மேல்
2013 - ஐபோன் 5எஸ், 5சி - 11 நாடுகள் - 90 லட்சம்
2014 - ஐபோன் 6, 6 பிளஸ் - 10 நாடுகள் - 1 கோடிக்கு மேல்
2015 - ஐபோன் 6எஸ், 6எஸ் பிளஸ் - 12 நாடுகள் - 1.3 கோடிக்கு மேல்

மேலோட்டமாகப் பார்த்தால் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிட முடியுமா? 2010இல் 5 நாடு, 2013இல் 11 நாடு. 2012 வரை ஒரே மாடல், 2013 முதல் இரண்டு மாடல்கள். 2013இலும் 2015இலும் முதல் நாளே சீனாவில் விற்பனை இருந்தது. இடையில் 2014இல் சீனாவில் அரசு அனுமதி தாமதமானதால் முதல் மூன்று நாள் கணக்கில் அந்தப் பெரிய சந்தையே இல்லை. ஒவ்வோர் ஆண்டும் அளவுகோலே வேறாக இருக்கிறது.

இன்னும் முக்கியமானது, இவற்றில் பல ஆண்டுகளில் சரக்கு பற்றாக்குறை இருந்தது. 2010இல் ஐபோன் 4 போதுமான அளவு இல்லாததால் திரும்பிப் போனவர்களிடம் நிறுவனத்தின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் மன்னிப்புக் கேட்டார். 2014இல் டிம் குக், சரக்கு கூடுதலாக இருந்திருந்தால் இன்னும் நிறைய விற்றிருப்போம் என்றார்.

2012இல் நடந்ததுதான் வேடிக்கை. ஐபோன் 5 மூன்று நாளில் 50 லட்சத்துக்கு மேல் விற்றது. பல ஆய்வாளர்கள் 60 லட்சத்துக்கு மேல் எதிர்பார்த்திருந்ததால், பங்கு விலை சற்று இறங்கியது. ஆனால் அதே அறிவிப்பிலேயே, கையிலிருந்த சரக்கு தீர்ந்துவிட்டது, முன்பதிவு செய்த பலருக்கு அக்டோபரில்தான் போன் அனுப்ப முடியும் என்று சொல்லியிருந்தார்கள். அதாவது வாங்க ஆள் இருந்தது. கொடுக்கப் போன் இல்லை. 50 லட்சம் என்பது கையில் இருந்த போனின் அளவு. அதைத்தான் வாங்க வந்தவர்களின் அளவு என்று எடுத்துக்கொண்டு, விற்பனை மந்தம் என்று முடிவு கட்டினார்கள்.

ஆக இந்தத் தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. சரக்கு குறைவாக இருந்தால் ஒரு போனுக்கு இல்லாத மவுசு இருப்பதாகவும் தோன்றலாம். இருக்கிற மவுசு இல்லாததாகவும் தோன்றலாம்.

ஆப்பிளே சொன்ன பதில்

2016 செப்டம்பரில் ஐபோன் 7 கடைக்கு வருவதற்கு முந்தைய நாள், முதல் வார இறுதி விற்பனை எண்ணை இனி வெளியிடப்போவதில்லை என்று ஆப்பிள் அறிவித்தது. அதற்குச் சொன்ன காரணத்தை நிதானமாகப் படியுங்கள். முதல் ஆர்டர் வாங்குவதற்கு முன்பே கையில் இருக்கும் சரக்கு முழுவதும் விற்றுவிடும் என்று எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. எனவே தொடக்க விற்பனையைத் தீர்மானிப்பது எங்களால் எவ்வளவு கொடுக்க முடிகிறது என்பதுதான். மக்கள் எவ்வளவு கேட்கிறார்கள் என்பதல்ல. ஆகவே அந்த எண் சரியான அளவுகோல் இல்லை. இதுதான் அவர்கள் சொன்னதன் சாரம்.

எட்டு ஆண்டுகள் பெருமையாக அறிவித்துவந்த எண்ணைப் பற்றி, அறிவித்தவர்களே சொன்னது இது. எண் குறையப்போகிறது என்பதால் நிறுத்தினார்கள் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. அப்படியே இருந்தாலும், சொன்ன காரணம் சரியானதுதான்.

பிறகு 2018 நவம்பரில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எத்தனை ஐபோன் விற்றது என்ற எண்ணிக்கையையும் இனி தரப்போவதில்லை என்று ஆப்பிள் சொல்லிவிட்டது. எத்தனை டாலர் வருமானம் என்பதை மட்டும் சொல்கிறார்கள். அதன் பிறகு செய்திகளில் வரும் ஐபோன் எண்ணிக்கைகள் ஐடிசி, கவுன்டர்பாயின்ட் போன்ற ஆய்வு நிறுவனங்களின் மதிப்பீடுகள். அவற்றில் பெரும்பாலும் மேலே சொன்ன மூன்றாவது வகை, அதாவது அனுப்பிய எண்ணிக்கைதான் இருக்கும்.

வேண்டிய அளவு தயாரிக்க முடியாதா?

"இவ்வளவு பேர் கேட்கிறார்கள் என்று தெரிந்தும் ஏன் கூடுதலாகத் தயாரிப்பதில்லை?" என்று அக்கா மகன் கேட்டான். நியாயமான கேள்வி. காரணங்கள் பல.

முதலாவது, தயாரிப்புச் சிக்கல். ஒரு போனில் நூற்றுக்கணக்கான பாகங்கள் உண்டு. அவற்றில் ஒன்று தாமதமானாலும் போன் தயாராகாது. 2010 ஜூனில் அறிவிக்கப்பட்ட வெள்ளை நிற ஐபோன் 4, தயாரிப்பில் ஏற்பட்ட சிரமங்களால் 2011 ஏப்ரல் 28ஆம் தேதிதான் விற்பனைக்கு வந்தது. ஒரு நிறத்துக்குப் பத்து மாதம்! 2022 நவம்பரில் சீனாவின் ஜெங்ஜோ நகரத் தொழிற்சாலை கொரோனா கட்டுப்பாடுகளால் குறைந்த அளவே இயங்கியது. ஐபோன் 14 புரோ வாங்க ஆர்டர் கொடுத்தவர்கள் கூடுதல் நாள் காத்திருக்க வேண்டும் என்று ஆப்பிளே அறிவித்தது.

இரண்டாவது, மிஞ்சிவிடுமோ என்ற பயம். போன் பழைய மாடல் ஆகிவிட்டால் விலை போகாது. 2013 செப்டம்பரில் பிளாக்பெர்ரி நிறுவனம், பெரும்பாலும் இசட் 10 என்ற போன் விற்காமல் தேங்கியதால் சுமார் 93 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. 2014இல் அமேசான் வெளியிட்ட பயர் போனுக்கும் இதே கதிதான். ஜூலையில் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தோடு 199 டாலருக்கு விற்ற போனை, செப்டம்பரிலேயே 99 சென்ட்டுக்கு, அதாவது ஒரு டாலருக்கும் குறைவாகக் கொடுத்தார்கள். அப்படியும் 17 கோடி டாலர் நஷ்டம் எழுதினார்கள். 8.3 கோடி டாலர் மதிப்புள்ள போன்கள் கையில் மிச்சம் இருந்தன. இதையெல்லாம் பார்த்த நிறுவனம் முதலில் கொஞ்சமாகத்தான் தயாரிக்கும்.

மூன்றாவது, முதலீடு. ஒன்பிளஸ் நிறுவனம் 2014இல் தன் முதல் போனை, அழைப்பு கிடைத்தவர்களுக்கு மட்டுமே விற்றது. இந்தியாவிலும் அந்த ஆண்டு டிசம்பரில் அப்படித்தான் விற்பனை தொடங்கியது. புதிதாகத் தொடங்கிய நிறுவனம் சரக்கு தேங்கினால் தாங்க முடியாது, ஆகவே கேட்பவர்களை எண்ணி அதற்கேற்பத் தயாரிக்கிறோம் என்பது அவர்கள் தந்த விளக்கம். 2016இல் ஒன்பிளஸ் 3 வந்தபோது அழைப்பு முறையை விட்டுவிட்டார்கள்.

நான்காவது, பாகங்களின் விலை. நாள் ஆக ஆக சிப், திரை போன்றவற்றின் விலை குறையும். லாபம் குறைவாக வைத்து ஒரே மாடலை நீண்ட நாள் விற்கும் நிறுவனத்துக்கு, முதல் மாதத்தில் அதிகம் தயாரிப்பதைவிட ஆறு மாதம் கழித்து அதிகம் தயாரிப்பது லாபம்.

ஐந்தாவது, விளம்பரம். "தீர்ந்துவிட்டது" என்ற செய்தியைப் போல மலிவான விளம்பரம் கிடையாது. பத்திரிகைகளும் இணையதளங்களும் அதை இலவசமாகவே போடும்.

ஒரு குறிப்பிட்ட போனுக்கு இவற்றில் எது காரணம், வேண்டுமென்றே குறைத்தார்களா, முடியாமல் குறைந்ததா என்று வெளியில் இருந்து கண்டுபிடிப்பது கடினம். நல்லவேளையாக, வாங்குகிற நமக்கு அது தேவையும் இல்லை. எந்தக் காரணமாக இருந்தாலும், தீர்ந்துவிட்டது என்பது போனின் தரத்துக்குச் சான்று ஆகாது.

அவசரப்பட்டால் என்ன நஷ்டம்?

முதல் ஐபோனை 599 டாலர் கொடுத்து, வரிசையில் நின்று வாங்கினார்கள் அல்லவா? 2007 செப்டம்பர் 5ஆம் தேதி, அதாவது 68 நாள் கழித்து, அதே 8 ஜிபி போனின் விலையை ஆப்பிள் 399 டாலராகக் குறைத்தது. முதலில் வாங்கியவர்கள் கோபப்பட்டதால், அவர்களுக்கு 100 டாலருக்குப் பொருள் வாங்கிக்கொள்ளும் கூப்பன் தரப்பட்டது. மீதி 100 டாலர் அவசரத்துக்குக் கொடுத்த விலை.

காத்திருக்கும் நாட்களும் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 2017 அக்டோபர் 27ஆம் தேதி ஐபோன் எக்ஸ் முன்பதிவு தொடங்கிய அன்றே, டெலிவரிக்கு 5 முதல் 6 வாரம் ஆகும் என்று காட்டத் தொடங்கியது. டிசம்பரில் அது சில நாட்களாகக் குறைந்துவிட்டது. முதல் நாள் காட்டும் தேதியைப் பார்த்துப் பயந்து இரட்டை விலை கொடுத்தவர்கள் ஏமாந்தார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. எங்கே தட்டுப்பாடு இருக்கிறதோ அங்கே மோசடிக்காரர்களும் வருவார்கள். "எங்களிடம் ஸ்டாக் இருக்கிறது, முன்பணம் அனுப்புங்கள்" என்று வரும் ஈ-மெயில், எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் செய்திகளை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். விற்பனைப் பக்கத்துக்குப் போகச் செய்தியில் வரும் லிங்க்கை அழுத்தாமல், தளத்தின் முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள்.

ஐந்து கேள்விகள்

அடுத்த முறை விற்பனைச் சாதனை என்று எதைப் படித்தாலும், இந்த ஐந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. மொத்தம் எத்தனை போன் விற்பனைக்கு வைத்தார்கள்? அந்த எண் இல்லாமல் "நொடிகளில் தீர்ந்தது" என்று மட்டும் இருந்தால் அதில் தகவல் எதுவும் இல்லை.

2. எதை எண்ணியிருக்கிறார்கள்? பதிவா, ஆர்டரா, கடைக்கு அனுப்பியதா, மக்கள் கைக்குப் போனதா?

3. எத்தனை நாள், எத்தனை நாடு, எத்தனை மாடல்? போன ஆண்டோடு ஒப்பிட்டால், அப்போதும் இதே அளவா?

4. எண்ணைச் சொன்னது யார்? தயாரித்த நிறுவனமா, தொலைபேசி நிறுவனமா, மதிப்பீடு செய்யும் ஆய்வு நிறுவனமா?

5. மூன்று மாதம் கழித்தும் விற்கிறதா? வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள்? சர்வீஸ் சென்டர் நம் ஊரில் இருக்கிறதா?

ஐந்தாவது கேள்விக்குப் பதில் கிடைக்கக் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் நல்ல போனா இல்லையா என்று சொல்வது அந்தக் கேள்வி மட்டும்தான். மற்ற நான்கும் விளம்பரத்தைச் சரியாகப் படிப்பதற்கு.

போன் மட்டுமல்ல, புதிதாக வரும் வீடியோ கேம் பெட்டி, கிராபிக்ஸ் கார்டு, சலுகை விலை லேப்டாப் என்று எதற்கும் இவை பொருந்தும்.

அக்கா மகன் அந்த ஆளுக்கு 2,000 ரூபாய் கொடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் மட்டும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பார்த்திருக்கிறான், அன்றும் கிடைக்கவில்லை. போன வாரம் மறுபடி பேசினான். அந்தப் போன் இப்போது எந்நேரமும் அதே விலைக்குக் கிடைக்கிறதாம். "வாங்கிட்டியா?" என்றேன். "இல்ல மாமா. வாங்கினவங்க எழுதியிருக்கறத இப்பதான் படிச்சுட்டு இருக்கேன். பேட்டரி பத்தி ரெண்டு விதமாச் சொல்றாங்க. இன்னும் கொஞ்சம் பார்க்கறேன்" என்றான்.